எது எரியுது?

என்னங்க,

இன்று காலை பெரியவன் காரைத் தெருவில் எடுத்து நிறுத்திவிட்டு, "அம்மா, கொஞ்சம் பின்னாடி நின்னு பாருங்க, பிரேக் லைட்டு வருதான்னு" என்றான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். அவன் மிதித்தான். இரண்டு பக்கமும் சிவப்பாக வெளிச்சம் வந்தது. "எரியுதாம்மா?" என்று உள்ளேயிருந்து கத்தினான். என் கை தானாக நெஞ்சுக்குப் போனது. அந்தப் பழைய பயம் வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு இரண்டு மழைக்காலம் வந்து போய்விட்டது. அது மட்டும் என்னைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

இவனுக்கு அப்போது ஒரு வயது. காது குத்துவதற்காகத் தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு, என் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டோம். எண்பதுகளில் நீங்கள் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தீர்களே, அந்தப் பழைய சாம்பல் நிறக் கார். அன்று ஒரு நாள் மட்டும் அதில் நாமே சவாரி. நான் பின்சீட்டில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்திருந்தேன். "எங்கம்மா போகணும்?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டீர்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பாளையம்புதூர் தாண்டியதும் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. நீங்கள் பிரேக்கை மிதித்தீர்கள். பின்னாலிருந்து டயர் தேயும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். பின்கண்ணாடி முழுக்க ஒரு லாரியின் முகம்தான் இருந்தது. அதில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம்கூடத் தெரிந்தது. எப்படி நின்றான், யார் புண்ணியம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிய இறுக்கில் அவன் அலறிவிட்டான்.

லாரிக்காரர் பக்கத்தில் வந்து தலையை நீட்டிக் கத்தினார். "யோவ், மிதிச்சா பின்னாடி லைட்டே வரலியே! இதோட கணவாயில எறங்குனா எவனாவது மேல ஏத்திடுவான்யா. பொம்பள, புள்ளய வேற வெச்சிருக்க!"

தொப்பூர்க் கணவாய் எத்தனை வண்டியை விழுங்கிய இறக்கம் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இறக்கம் ஆரம்பிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், லாரிக்காரர்கள் சூடம் கொளுத்திவிட்டுப் போகும் கல்லுக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டினீர்கள். நான் பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தேன். நீங்களோ வெயிலைப் பார்த்தீர்கள். "நேரமாச்சு புள்ள. கைய வெளிய காட்டிக்கிட்டே மெல்ல எறங்கிடலாம். ஒங்கண்ணன் மடிய விரிச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு" என்றீர்கள்.

"நான் வரலீங்க. புள்ளய தூக்கிக்கிட்டு நடந்தே எறங்குறேன்" என்றேன்.

"பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தீர்கள். எத்தனையோ முறை அந்தப் பேரால் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள், கோபமே வந்ததில்லை. அன்று வந்தது. கதவைத் திறந்து இறங்கி நின்றுகொண்டேன். நான் ஒருமுறை நின்றுவிட்டால் நகர மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு வேலையில் இறங்கினீர்கள்.

முதலில் பின்விளக்கின் சிவப்பு மூடியைக் கழற்றிப் பல்பை வெயிலில் தூக்கிப் பிடித்தீர்கள். ஒரு பல்புக்குள் இரண்டு இழை உண்டு, ஒன்று இராத்திரிக்கு, ஒன்று பிரேக்குக்கு என்று எனக்கும் காட்டினீர்கள். இரண்டும் அறுபடாமல் இருந்தன. "ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல போவாது. கோளாறு பொதுவா எங்கியோ இருக்குது" என்றீர்கள். வைப்பரைப் போட்டுப் பார்த்தீர்கள், ஓடியது. அதற்கும் இதற்கும் ஒரே ஃபியூஸ்தானாம், அதனால் ஃபியூஸும் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு கீழே புகுந்து, பிரேக் ஆயில் போகும் குழாயில் முறுக்கியிருந்த சுவிட்சின் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொட்டீர்கள். பின்னால் நின்றிருந்த நான் "எரியுது, எரியுது!" என்று குதித்தேன். ஒயர் வரைக்கும் சரி, தப்பு அந்தச் சுவிட்சில்தான் என்று ஆயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். உங்களுக்கு எதையும் இன்னொரு தரம் பார்க்காமல் தூக்கம் வராது. சுவிட்ச் ஒரேயடியாகப் போய்விட்டதா, விட்டு விட்டு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். கை பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தீர்கள். பிள்ளையைப் பின்சீட்டில் கிடத்திவிட்டு என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தீர்கள். நான் அந்த இடத்தில் அதற்கு முன்னால் உட்கார்ந்ததே இல்லை. பெடலைத் தொட்டுக் காட்டி, "இத நல்லா அழுத்தி மிதிச்சிக்கிட்டே இரு. கீழ எங்கையில ஒரு சின்ன பல்பு இருக்குது. அது எரிஞ்சா எரியுதுன்னு கத்துவேன். சுவிட்சு நல்லாருக்குதுன்னு அர்த்தம்" என்றீர்கள்.

நீங்கள் மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் போனீர்கள். வெளியே உங்கள் கால் இரண்டும்தான் தெரிந்தன. லாரி ஒவ்வொன்று கடக்கும்போதும் கார் ஆடியது. இது நகர்ந்தால் உங்கள் மேல் ஏறும், நகராமல் நின்றால் லாரி என் மேலும் பிள்ளை மேலும் ஏறும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு மிதித்தேன்.

"எரியுது!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அப்பாடா என்று இருந்தது. சுவிட்ச் நன்றாக இருக்கிறது, ஒயரை மாட்டினால் போய்விடலாம் என்று நினைத்தேன். இன்னும் அழுத்தினேன்.

"எரியுது! எரியுது புள்ள!"

"சரிங்க, மிதிச்சிக்கிட்டுத்தாங்க இருக்கேன்!" என்று சந்தோஷமாகக் கத்தினேன். விட்டு விட்டு மிதித்தேன். பெடல் சேற்றில் கால் போவதுபோல உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நான் எதைக் கண்டேன், இது இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தேன். அதற்குள் வெளியே உங்கள் கால் இரண்டும் தரையைப் போட்டு உதைக்கத் தொடங்கின.

"அய்யோ, கால எடு! கண்ணு எரியுது!"

அந்த நொடியில் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. குதித்து இறங்கி உங்கள் காலைப் பிடித்து இழுத்தேன். முகமெல்லாம் பிரேக் ஆயில். சுவிட்சின் வாயிலிருந்து, நான் மிதிக்க மிதிக்க, உங்கள் கண்ணிலேயே பீய்ச்சியிருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சி ஆற்றி எடுத்து வந்த தண்ணீர் முழுவதையும் உங்கள் கண்ணில் ஊற்றினேன். அழுதுகொண்டே, "தெரியுதுங்களா? நான் தெரியிறனா?" என்று கேட்டேன்.

"ரெண்டா தெரியிற. ஒண்ணயே தாங்க முடியல" என்றீர்கள். அடிக்கலாமா கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது எனக்கு.

சிவந்த கண்ணோடு எழுந்து போய்ப் பெடலைக் கையால் அழுத்தினீர்கள். அது ஒரு தடையும் இல்லாமல் தரையைத் தொட்டது. இன்னொரு தரம் அழுத்தினீர்கள். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டீர்கள். 

"பிரேக்கே இல்ல புள்ள. சுவிட்சு உள்ளேயே ஒடஞ்சி ஆயிலு கசிஞ்சிக்கிட்டிருந்திருக்குது. கைய காட்டிக்கிட்டு எறங்கியிருந்தா பாதி கணவாயில..."

 பின்னால் வருகிறவன் இடிப்பான் என்றுதான் நான் பயந்தேன். நம் வண்டியே நிற்காது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பின்சீட்டில் பிள்ளை எதுவும் தெரியாமல் விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். காரை அங்கேயே விட்டுவிட்டுத் தர்மபுரிக்கே பஸ் ஏறினோம். காது குத்து தள்ளிப்போனது. வழியெல்லாம் நீங்கள் என் கையை விடவில்லை. பஸ்ஸில் அத்தனை பேர் பார்க்க அப்படி நீங்கள் பிடித்தது அன்று ஒருநாள்தான். இறங்கும்போது சொன்னீர்கள்: "இனிமே நம்ம வூட்ல யாரும் மொட்டையா எரியுதுன்னு சொல்லக் கூடாது. எதுன்னு சேத்துச் சொல்லணும்."

அதுவே நம் வீட்டுச் சட்டமாகிவிட்டது. மிளகாய் அரைத்த கையோடு நான் "எரியுது" என்றால், "எது, லைட்டா?" என்று கூடத்திலிருந்து குரல் வரும். பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. விருந்தாளிகள்தான் திருதிருவென விழிப்பார்கள். தினமும் வண்டி எடுக்குமுன் என்னைக் கூப்பிட்டுப் பின்னால் நிறுத்துவீர்கள். "லைட்டு எரியுதுங்க" என்று முழுசாகச் சொல்லுவேன். பயந்தாங்கொள்ளி என்று மட்டும் அதற்குப் பிறகு நீங்கள் என்னைக் கூப்பிடவே இல்லை. அது எனக்குக் கொஞ்சம் குறையாகக்கூட இருந்தது.

கடைசியில் ஆஸ்பத்திரியில், ஒரு மத்தியான நேரம், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு "எரியுது" என்றீர்கள். 

"எதுங்க?" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். அதில் என்ன கண்டீர்களோ, நெஞ்சிலிருந்து கையை மெல்ல எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டீர்கள். மேலே கண்ணைக் காட்டி, "லைட்டுதான் புள்ள. லைட்டுதான் எரியுது" என்றீர்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். கரண்டு இல்லை. காற்றாடி நின்றிருந்தது, டியூப்லைட் இருட்டாகத் தொங்கியது. நர்ஸைக் கூப்பிட ஓடினேன். அதற்குப் பிறகு நீங்கள் என்னோடு பேசவில்லை.

இன்று காலை பெரியவன் மறுபடியும் கேட்டான். "என்னம்மா, எரியுதா இல்லியா?" கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என் முகத்தைப் பார்த்த உங்கள் அதே கண். நெஞ்சுக்குப் போயிருந்த கையை நானும் எடுத்துவிட்டேன்.

"லைட்டு எரியுது சாமி. லைட்டுதான். நீ பாத்துப் போ" என்றேன்.