பச்சைக் காருக்குப் பின் பேனல் பொருத்திய விவரம்

5 பிப்ரவரி 2025, புதன்கிழமை, காலை மணி 9.40
குறிப்பு எண் 1: வண்டியை ஒப்படைத்தது

கிள்ளானில் பக்கிரிசாமியின் பட்டறையில், நாற்காலியின் மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சென்ற டிசம்பர் 18ஆம் தேதி பிரிக்பீல்ட்ஸில் ஒரு லோரி பின்னோக்கி வந்து இடித்ததில், என் பச்சைக் காரின் பின் பேனல் நசுங்கிப்போயிற்று. 1969ஆம் ஆண்டு வண்டி; துணிக்கூரையை மடக்கிவிட்டால் திறந்த வண்டி. புதுப் பேனலை இங்கிலாந்திலிருந்து தருவித்தேன். எஞ்சிய பகுதிகளில் இருப்பது தொழிற்சாலையில் பூசிய வண்ணம். ஐம்பத்தாறு ஆண்டுகளாக ஒரு கீறல் விழவிடவில்லை.

இந்த இடமோ! தேநீர்க் குவளையில் சிகரெட் துண்டு மிதக்கிறது. வண்டியை நிறுத்திய பத்து நிமிடத்தில் என் இருக்கையில் பூனை மயிர்.

6 பிப்ரவரி 2025, வியாழக்கிழமை, காலை மணி 11.30
குறிப்பு எண் 2: இரும்புக் கம்பிகள்

மனைவி அழகம்மையையும் அழைத்துச் சென்றேன். பக்கிரிசாமி பந்திங் ஊருக்குப் போயிருந்தார். வெல்டிங் செய்பவர் சுகுமாறன், வயது 46, அந்தப் பட்டறையில் பதினெட்டு ஆண்டுகள். கதவு வாசல் இரண்டிலும் குறுக்கே இரும்புக் கம்பி கொடுத்துக் கவ்வி வைத்து முடுக்கியிருக்கிறார். எங்கே முடுக்கியிருக்கிறார்? என் வண்ணத்தின் மேல்! கவ்விக்கு அடியில் கிழிந்த பனியன் துணி. அதிலும் எண்ணெய்ப் பிசுக்கு.

எடுக்கச் சொன்னேன்.

“அங்கிள், இது மேல கூரை இல்லாத வண்டி லா. பின்னால வெட்டும்போது கம்பி இல்லேன்னா நடுவுல தொய்ஞ்சிரும். அப்புறம் கதவு பூட்டாது.”

“வண்ணம் போனால் நீ கொண்டு வருவாயா?”

“வேற துணி வைக்கிறேன் அங்கிள். கம்பி மட்டும் இருக்கட்டும்.”

எடுக்காவிட்டால் இக்கணமே வண்டியை எடுத்துச் செல்வேன் என்றேன். கம்பிகள் இரண்டும் தரைக்கு வரும்வரை, இருபத்திரண்டு நிமிடம், அங்கேயே நின்றேன். கீழே மரக்கட்டைகள் கொடுத்துச் சமாளிப்பதாக முனகினார். முனகட்டும். இவர்களிடம் கண்டிப்பாக இருந்தால்தான் வேலை நடக்கும்.

11 பிப்ரவரி 2025, செவ்வாய்க்கிழமை
தைப்பூசம். பட்டறை விடுமுறை.

19 பிப்ரவரி 2025, புதன்கிழமை, மாலை மணி 5.10
குறிப்பு எண் 4: அலங்கோலம்

பேனலை வெல்டிங் செய்து முடித்துவிட்டார்கள். கதவுகள் பூட்டவில்லை — இரண்டும்! மேல் மூலை புதுப் பேனலில் போய் இடிக்கிறது. உராய்ந்த இடத்தில் வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்திருக்கிறது. இணைப்பின் மேல், பள்ளம் நிரப்பும் பட்டிப் பசையை அள்ளி அப்பியிருக்கிறார்கள். அழுகிய பழத்தின் இனிப்பு வாடை.

பக்கிரிசாமி குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினார்: “டேய் சுகு, கம்பி கட்டலையா? பதினெட்டு வருஷமா என்னத்தடா கத்துக்கிட்ட?”

“அங்கிள்தான் எடுக்கச் சொன்னாரு, பாஸ்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “எழுத்தில் ஏதாவது கொடுத்தேனா?” என்று கேட்டேன். சுகுமாறன் கையுறையைக் கழற்றி, வெல்டிங் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

20 பிப்ரவரி 2025, வியாழக்கிழமை
இழுவை லோரியில் வண்டி வீடு வந்து சேர்ந்தது. கதவுகளைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள், காய்கறி மூட்டை கட்டுவதுபோல. அண்டை வீட்டார் வேடிக்கை பார்த்தனர்.

22 பிப்ரவரி 2025, சனிக்கிழமை, காலை மணி 10.45
குறிப்பு எண் 6: பக்கிரிசாமிக்குக் கடிதம்

ஏழு பத்திகள். நில அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த காலத்தில்கூட இவ்வளவு செம்மையாக எழுதியதில்லை. ஐந்தாம் பத்தி: “கம்பிகளைத் தங்கள் தொழிலாளி தன்னிச்சையாக அகற்றினார். இத்தகையவரை வேலையில் வைத்திருப்பது தங்கள் பட்டறைக்கு இழுக்கு.”

வழக்கம்போல் அழகம்மையிடம் வாசித்துக் காட்டினேன்.

“நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க? நான் பக்கத்துலதானே ஒக்காந்திருந்தேன்.”

“நான் எழுதிக் கொடுக்கவில்லை.”

“எழுதிக் குடுக்கலேன்னா சொல்லலேன்னு ஆயிருமா?” சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

கம்பியை அகற்றியது அவர் கைதான். என் கை படவில்லை. அந்த வகையில் வாசகம் சரியானதே. தபாலில் சேர்த்தேன், 10.25.

28 பிப்ரவரி 2025, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மணி 3.20

பக்கிரிசாமி தொலைபேசியில் அழைத்தார். நல்ல செய்தி சொல்பவரின் குரல்.

“அங்கிள், உங்க லெட்டர் கெடச்சிச்சி. அந்த ஆள வேலைய விட்டு நிப்பாட்டிட்டேன். இனிமே ஒங்க வண்டிய நானே பாக்கறேன்.”

“அவர் ஏதும் சொன்னாரா?”

“அஞ்சாவது பத்திய படிச்சிக் காட்டினேன். ‘அங்கிள் எழுதிட்டாருல்ல, அப்ப சரி பாஸ்’னான். இப்ப பந்திங்ல தேங்கா லோரியில மூட்ட ஏத்துறானாம். அவன் எந்த வெல்டிங் பட்டறைக்கு வேல கேட்டுப் போனாலும், ஏன் நிப்பாட்டுனாங்கன்னு எனக்குத்தானே போன் வருது? நீங்க எழுதினத அப்படியே சொல்லிடறேன்.”

நன்றி சொன்னேன். ஆம், நன்றி சொன்னேன்! வாயில் ஏதோ கெட்டுப்போனதை மென்றதுபோல் இருக்கிறது. இரண்டு முறை கொப்பளித்துவிட்டேன். என்ன மனுஷன்யா நான்? ஒரு விரல் நீள வண்ணத்துக்காக — சீ.

சுகுமாறன் எச்சரித்தார். துணி மாற்றுகிறேன் என்றார். நான் நின்றுகொண்டிருந்தேன், இருபத்திரண்டு நிமிடம்.

1 மார்ச் 2025, சனிக்கிழமை, காலை மணி 7.15
குறிப்பு எண் 8: இன்று அனுப்பும் கடிதத்தின் நகல்

திரு. பக்கிரிசாமி அவர்களுக்கு,

1. என் 22.2.2025 கடிதத்தின் ஐந்தாம் பத்தி பொய். அறிந்தே எழுதினேன்.

2. கம்பிகளை அகற்றச் சொன்னவன் நான். திரு. சுகுமாறன் மறுத்தார், காரணமும் சொன்னார். அவர் சொன்னது அப்படியே நடந்தது.

3. அவரைத் திரும்ப அழைக்க வேண்டுகிறேன். அவர் வர மறுத்தால், அது என்னால் நேர்ந்ததே. அவரைப் பற்றி யார் விசாரித்தாலும் இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டுங்கள்.

4. அவர் இசைந்தால், பேனலை வெட்டியெடுத்து, கம்பி கட்டி, மறுபடி பொருத்தட்டும். எங்கே வேண்டுமானாலும் முடுக்கட்டும். வேலை முடியும்வரை நான் பட்டறைப் பக்கம் வரமாட்டேன்.

இப்படிக்கு,
நா. மெய்யப்பன்

இணைப்புகள்:
(அ) என் நாட்குறிப்பில் 6.2.2025 பக்கத்தின் நகல், என் கையொப்பத்துடன்.
(ஆ) என் மனைவி அழகம்மை, தான் நேரில் கேட்டதைத் தன் கைப்பட எழுதிய தாள் ஒன்று. (திருத்தம் ஏதும் செய்யவில்லை.)
(இ) திரு. சுகுமாறனுக்கு ஒட்டிய உறை ஒன்று. அவர் மட்டும் பிரிக்க.
(ஈ) வண்டிச் சாவி.