மரவேலைப் புத்தகமும் முத்துக்குமாருவின் ஆடும்

யூன் 3, செவ்வாய்

இவர் இன்றைக்கும் தேத்தண்ணியைத் தொடவில்லை. தாகமில்லையாம். இந்த வெயிலில் தாகமில்லாத மனிசன்! எனக்குத் தெரியாதா? குடித்தால் கக்கூசுக்குப் போகவேண்டும். அது வளவின் பின்பக்கம். சில்லுக்கதிரை வாசற்படியோடு நின்றுவிடும், அதற்கப்பால் ஆராவது தூக்கவேண்டும். சைக்கிளால் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து தோட்டத்தில் வேலை செய்கிற பெடியள்தான் தூக்குகிறார்கள். நேற்று ஒருத்தன், “அப்பு பாரம் குறைஞ்சு போனார்” என்று சிரித்தான். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் ஆர் வீட்டுப் பெடியன் என்று எனக்குத் தெரியும்.

தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் பழுதாகும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

யூன் 5, வியாழன்

கிளினிக்கில் காத்திருந்தபோது மேசையில் ஒரு வெளிநாட்டுப் புத்தகம் கிடந்தது. மரவேலையும் வீடு திருத்துகிற வேலையும் சொல்லிக்கொடுக்கிற மாதப் புத்தகம். ஒரு படத்தில், வாசற்படிக்கு மேலே பலகையால் சரிவு கட்டி, ஒரு கிழவன் சில்லுக்கதிரையில் தானே இறங்குகிறான். பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாதி வந்து கையிலிருந்து எடுத்து அடுக்கி வைத்தாள். ஒரு சொல் கேட்டாளா? இல்லை.

அதுபோலச் சரிவு கட்டக் கேட்டால், தச்சன் ஒருவர் ஆடி கழித்துத்தான் வருவாராம். இன்னொருவர் அலுமினியம் மட்டும்தான் செய்வாராம். கனடாவிலிருந்து மகள் கஜந்தினி, “பக்கத்து வீட்டிலை தச்சுவேலைக்காரர் இருக்கேக்கை ஏனம்மா அலையிறியள்? முத்துக்குமாரு மாமாவைக் கேளுங்கோவன்” என்றாள். போனை வைத்துவிட்டேன்.

முத்துக்குமாரு! 1991இல் வேலி அடைத்தபோது ஒரு கதியால் தடியை எங்கள் பக்கம் தள்ளி நட்டவர். கேட்டதற்கு, “உனக்கு வாயும் நீளம், காணியும் நீளமோ?” என்றவர். ஒழுங்கை முழுக்க ஆட்கள் நின்று கேட்டார்கள். ஆர் ஆர் நின்றார்கள் என்றும் சொல்லுவேன். அன்றோடு பேச்சு அறுந்தது. இவரும் எனக்காகப் பேசாமல் விட்டார். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள்.

அது கிடக்கட்டும். நானே செய்வேன். புத்தகம் இருந்தால் காணும், வேறு ஒருத்தரும் வேண்டாம்.

யூன் 6, வெள்ளி

கோப்பாயிலிருந்து, இங்கே பக்கத்தில் இருக்கிற திருநெல்வேலிக்குப் போய் வந்தேன். பல்கலைக்கழகக் கம்பஸ் பக்கத்துப் புத்தகக் கடையில் ஒரு பெட்டை.

“ஆருக்கு அம்மம்மா? பேரனுக்கோ?”

“எனக்கு.”

சிரித்தாள். சிரிக்கட்டும்.

இரண்டு வகை இருந்தது. ஒன்று இந்தியாவிலிருந்து வருகிற தமிழ்ப் புத்தகம், வீடு கட்டுவதைப் பற்றியது. மற்றது இங்கிலீசு, முழுக்க மரவேலை. தமிழ் என்றால் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், ஆனால் அதில் படம் குறைவு. இங்கிலீசில் படம் நிறைய, ஆனால் எனக்கு ஏபிசிடி கூட முழுக்கத் தெரியாது. எதை எடுக்கிறது? இதை வைத்து அதை எடுத்து, அதை வைத்து இதை எடுத்து... பின்னால் நின்ற கம்பஸ் பெடியன் பெருமூச்சு விட்டான். அந்த அவசரத்தில் தமிழை எடுத்தேன்.

யூன் 8, ஞாயிறு

தமிழ்ப் புத்தகம் என் தலையைக் குழப்பிவிட்டது. பாதிக்கு விளம்பரம். ஒரு குசினி, கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. அதில் ஆர் மீன் வெட்டுவார்கள்? சரிவுப் பலகையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வாஸ்து மட்டும் மூன்று பக்கம். வடகிழக்கில் கக்கூசு இருந்தால் வீட்டுத் தலைவனுக்கு ஆகாதாம்.

எங்களுடையது வடகிழக்கில்தான்.

இவர் விழுந்தது அதனாலேயோ? விழுந்தது சந்தியில். கக்கூசுக்கும் சந்திக்கும் என்ன தொடர்பு? ஆனால் அச்சடித்துப் போட்டிருக்கிறார்களே.

“கக்கூசை இடம் மாத்த வேணுமோ?” என்று கேட்டேன்.

“முதல் என்னை இடம் மாத்து” என்றார்.

யூன் 10, செவ்வாய்

“மாத்தித் தர ஏலாது அம்மம்மா, வாசிச்சுப் போட்டியளே” என்றாள் கடைப் பெட்டை. வாசித்துத்தானே சரிவராது என்று கண்டேன்! வாசிக்காமல் எப்படித் தெரியும்? கடைசியில் இங்கிலீசையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கிளினிக்கில் கண்ட படம் இல்லை. ஆனால் அதேபோல ஒரு சரிவு இருக்கிறது. நீளமென்றால் நீளம், முற்றத்தில் பாதி தூரத்துக்குப் போகிறது. வெள்ளைக்காரருக்கு மரம் மலிவு போல. எங்கள் படிக்கு அவ்வளவு எதற்கு?

யூன் 12, வியாழன்

மாட்டுக்கொட்டிலில் கிடந்த பலகையைப் படியில் சாய்த்து ஆணி அடித்தேன். விரலிலும் அடித்தேன். இவரை ஏற்றுவதற்கு முதல் பார்ப்போம் என்று சில்லுக்கதிரையில் வெங்காயச் சாக்கை வைத்து மெல்லத் தள்ளினேன். ஐயோ! எங்கை மெல்ல? பறந்தது. நேரே போய்க் கிணத்துக்கட்டில் மோதிச் சரிஞ்சுது. முற்றம் முழுக்க வெங்காயம். அதிலை இவர் இருந்திருந்தால்?

வெங்காயத்தைப் பொறுக்கக் குனிஞ்சன்.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அங்கால் முத்துக்குமாருவின் குரல். எங்கள் ஊரில் பேச்சில்லாத வீட்டுக்கு ஒன்று சொல்லவேண்டுமென்றால் ஆட்டையோ கோழியையோ கூப்பிட்டுச் சாடையாய்ச் சொல்வதுதான் வழக்கம். அவர் ஆட்டைக் கூப்பிட்டார்.

“ஏய் ஆடு, ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் வேணும். உது உனக்கே தெரியும். சில பேருக்குத் தெரியேல்லை.”

நான் கோழியைக் கூப்பிட்டேன். “பா பா பா! கண்டவன் சொல்லுறதைக் கேளாதை. அளவிலை கள்ளம் செய்யிற ஆக்கள்.”

யூன் 13, வெள்ளி

புத்தகத்தில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் 1, 12 என்று போட்டிருக்கிறது. பக்க எண் என்று நினைத்திருந்தேன்.

யூன் 14, சனி

ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு அங்குலத்துக்கு ஒரு அடி. புத்தகமும் அந்த ஆளும் ஒரே கணக்குச் சொன்னால் நான் ஆரை நம்பாமல் விடுகிறது?

காலையில் பார்த்தால் வேலியின் எங்கள் பக்கத்தில் நீளப் பலகைகள் சாத்திக் கிடக்கின்றன.

“கோழி, பிறத்தியாற்றை சாமானிலை ஏறாதை. பிறகு கதை வரும்” என்றேன்.

“ஆடு, உது எரிக்க வைச்சிருந்த பலகை. ஆரும் எடுத்தால் எனக்கு விறகு கொத்துற வேலை மிச்சம்” என்று பதில் வந்தது.

யூன் 16, திங்கள்

கோயிலுக்குப் போய், வருகிற வழியில் மரக்கறியும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வாசலிலிருந்து முற்றம் வரைக்கும் சரிவு. இரண்டு பக்கமும் கைப்பிடி மரம். என்னுடைய ஆணியெல்லாம் பிடுங்கிக் குவித்துக் கிடக்கிறது.

“ஆர் வந்தது?”

“நான் காணேல்லை. நித்திரை” என்றார் இவர். தலைமயிரெல்லாம் மரத்தூள்!

யூன் 22, ஞாயிறு

காலையில் இரண்டு தரம் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார். தானே பின்பக்கம் உருட்டிப் போய்த் தானே வந்தார். நான் குசினிக்குள் நின்று பார்த்தேன், பார்க்காத மாதிரி. பிறகு கதிரையைப் படலைப் பக்கம் திருப்பினார்.

“எங்கை போறியள்?”

“கதைக்கப் போறன்.”

“ஆரோடை?”

படலை திறந்த சத்தம்தான் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அங்கால் சிரிப்பு. இவர் அப்படிச் சிரித்து நான் எப்போது கேட்டேன்? கோபம் வரவேண்டும். வருகிறது போலவும் இருக்கிறது, இல்லை போலவும் இருக்கிறது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

சாப்பாட்டுக்கு வந்தவர், “அந்த இங்கிலீசுப் புத்தகத்தை ஒருக்கால் தா. அவன் பாக்க வேணுமாம்” என்றார்.

“அவருக்கு இங்கிலீசு தெரியுமோ?”

“உனக்குத் தெரிஞ்சதோ?”

பின்னேரம் கஜந்தினி போன் எடுத்தாள். ஒரு வருசத்துக்குக் காசு கட்டினால் மாதாமாதம் புத்தகம் வீட்டுக்கே வருமாம். தமிழா இங்கிலீசா என்று கேட்டாள்.

“இங்கிலீசு. படம் கூட உள்ளதாப் பார்.”

“ஆருக்கம்மா?”

“உன்ரை கொப்பருக்கு. அவர் அதைக் கொண்டுபோய் ஆருக்குக் காட்டுறார் எண்டு நான் பாக்கப் போறேல்லை.”