பூஜ்யத்துக்கும் பச்சை விளக்கு

மார்ச் 3, செவ்வாய்

களைப்பு. அடையாள அட்டையில் 'மென்பொறியாளர் – பயிற்சி' என்று போட்டிருக்கிறார்கள். மென்மையாகப் பொறியில் மாட்டியவள் என்று பொருள் கொள்க. செயற்கை அறிவைச் செய்கிறவர்களுக்கு அதைச் செய்ய ஒரு ஃப்ரேம்வொர்க் வேண்டும். அதைத்தான் நாங்கள் செய்கிறோம். சமைக்கிறவருக்கு அடுப்பு செய்து கொடுப்பது மாதிரி. அடுப்பைப் பார்த்து யாரும் 'என்ன ருசி!' என்று சொன்னதில்லை.

எண்களைச் சரியாகக் கூட்டுகிறோமா என்று பார்க்கும் கூட்டல் டெஸ்ட் இன்றும் சிவப்பு, அதாவது ஃபெயில். பக்கத்து இருக்கை அக்கா தலையைத் திருப்பாமலே, "மறுபடி ஓட்டு, பாஸாயிடும்" என்றாள். ஓட்டினேன். பச்சை. அவளுக்கு 'மறுபடி அக்கா' என்று பெயர் வைத்து நாளாகிறது.

மார்ச் 5, வியாழன்

மாட்டினேன். அளவு பொருந்தாத எண்களைக் கொடுத்தால் ஒரு பிழைச் செய்தி வரும். அதில் 'கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்' என்று போன மாதம் ஒரு வரி சேர்த்திருந்தேன். அது வெளியே போய் ஒரு வாடிக்கையாளரின் கண்ணில் பட்டுவிட்டது. கண்ணாடி வழியாகத்தான்.

டீம் தலைவர் தனியாகக் கூப்பிட்டார். நான் வைத்த பெயர் தாடி.

"பதிமூணாம் தேதி ரிலீஸ். அன்னைக்குத்தான் உன் பயிற்சியும் முடியுது. அதுவரைக்கும் ஒரே ஒரு சேட்டை வந்தாலும், உன்னை வேலைக்கு எடுக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன்."

"சரி சார்."

"சிரிக்காதே."

"இது என் சாதாரண மூஞ்சி சார்."

வீட்டில் சொல்லவில்லை. காலேஜ் வேண்டாம், நேராக வேலைக்குப் போகிறேன் என்று குதித்தது நான். 'அப்பவே சொன்னேன்' என்ற வாக்கியத்தை வாயில் ஊறவைத்துக்கொண்டு அப்பா காத்திருக்கிறார்.

மார்ச் 6, வெள்ளி

ஒரு சேட்டையும் செய்யவில்லை. உடம்பு வலிக்கிறது.

மார்ச் 9, திங்கள்

கூட்டல் டெஸ்ட் காலையிலிருந்து சிவப்பு, பச்சை, சிவப்பு, சிவப்பு. மறுபடி அக்காவுக்கே அலுத்துவிட்டது. தாடி வந்து எட்டிப் பார்த்தார். "டாலரன்ஸைக் கொஞ்சம் தளர்த்திடு."

எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசித் தசமங்கள் லேசாக மாறும். அதனால் டெஸ்ட் 'கிட்டத்தட்டச் சரி' என்றாலும் ஒப்புக்கொள்ளும். எவ்வளவு கிட்டத்தட்ட என்பதுதான் டாலரன்ஸ்.

தளர்த்தும் முன் பழைய மாற்றங்களைப் பார்த்தேன். மொத்த டீமும் வரிசையில் நிற்கிறது! ஆளாளுக்கு ஒரு துளி தளர்த்தியிருக்கிறார்கள், ஆளாளுக்கு ஒரு நல்ல காரணம். பல பேர் 'தற்காலிகமாக' என்று எழுதியிருக்கிறார்கள். நானும் ஒரு துளி தளர்த்தினால் அது 0.1 ஆகிவிடும். டெஸ்டில் வரும் சரியான விடைகள் எல்லாமே 0.05-க்கும் கீழே. எறும்புக்கு யானைச் சட்டை.

அப்படியென்றால் இந்த டெஸ்ட் எதைத்தான் தப்பு என்று சொல்லும்?

மார்ச் 10, செவ்வாய்

தாடியிடம் சொன்னேன்.

"கடைசித் தசமம்மா. எல்லா ஃப்ரேம்வொர்க்குக்கும் இருக்கிற வியாதி."

"டெஸ்ட் ஒத்துக்கிற விலகல் விடையைவிடப் பெரிசா இருக்கு சார்."

"வெள்ளிக்கிழமை ரிலீஸ். ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். இதுவும் உன் விளையாட்டுன்னா இப்பவே சொல்லிடு."

ஒரு தடவை நிஜத்தைச் சொன்னால் இப்படி. என்னைத் தவிர யாரையும் குறை சொல்லவும் முடியாது.

மறுபடி அக்கா மெல்லச் சொன்னாள்: "விட்டுடுடி. முதல்ல வேலை உறுதியாகட்டும். கேள்வியை அப்புறம் கேளு."

அப்புறம் கேட்பேனா? அக்காவும் அப்புறம் கேட்கலாம் என்றுதான் இருந்தாளோ?

மார்ச் 11, புதன்

இந்தக் கூட்டலை நம்பி ஸ்கேன் படம் பார்க்கிற மென்பொருள்கூடக் கட்டுவார்கள். சாப்பாடு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் இல்லையே, என்ன நாடகம்?" என்றாள்.

மார்ச் 12, வியாழன்

செய்துவிட்டேன்.

ரிலீஸுக்கு முந்தைய கூட்டம். டெஸ்டுகளைத் திரையில் ஓட்டிக் காட்டுவது என் பொறுப்பு. ஓட்டினேன். கூட்டல் பச்சை. யாரோ கை தட்டினார்கள்.

"சார், இது நம்ம கோட் இல்ல. என்னோட தனிப் பிரதி. கூட்டல் பகுதியை மட்டும் மாத்தியிருக்கேன்." திறந்து காட்டினேன். உள்ளே ஒரே வரி. எந்த எண்களைக் கொடுத்தாலும் பூஜ்யத்தைத் திருப்பித் தரும். சரியான விடைக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள தூரம் டாலரன்ஸுக்குள் அடங்கிவிடுவதால் டெஸ்டுக்கு அதுவும் 'கிட்டத்தட்டச் சரி'.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான் செய்ததிலேயே நல்ல சேட்டை அது.

தாடி கேட்டார்: "இது சேட்டையா, புகாரா?"

"ரெண்டும் சார்."

மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். போச்சு. எல்லாம் போச்சு. சும்மா இருந்திருக்கலாம்ல? வாயையும் கையையும் கட்டிக்கிட்டு ஒரே ஒரு நாள்—

மார்ச் 13, வெள்ளி

ரிலீஸ் நின்றுவிட்டது. டாலரன்ஸைப் பழையபடி இறுக்கினார்கள். பிழையைத் தேடி நாலு பேர் ஒரு திரையைச் சுற்றி நின்றோம். என் பயிற்சி முடிந்தது பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அட்டை இன்னும் கதவைத் திறக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

மறுபடி அக்கா கண்டுபிடித்தாள். நீளமான எண் வரிசையைத் துண்டு துண்டாக வெட்டித்தான் கூட்டுகிறோம். சமமாக வெட்ட முடியாவிட்டால் கடைசியில் ஒரு குட்டித் துண்டு மிஞ்சும். அதை எங்கள் கோட் கூட்டாமலே விட்டுவிடுகிறது. ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் ப்ளஸ், மைனஸ் எண்கள் என்பதால், அந்தத் துண்டு விட்டுப்போனால் விடை டாலரன்ஸையும் தாண்டி விலகிவிடும். டெஸ்ட் ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிதாக ஒரு நீளத்தை எடுக்கும். சமமாக வெட்டுப்படும் நீளம் வந்தால் பச்சை. 'மறுபடி ஓட்டு' பலித்த ரகசியம் அவ்வளவுதான்.

கண்டுபிடித்துவிட்டு அக்கா கழிவறைக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. அந்தப் பெயரை இனி சொல்லப்போவதில்லை.

மார்ச் 18, புதன்

தாடி என் மேசைக்கு வந்து ஒரு தாளை வைத்தார். வேலை உறுதி. "மத்த டெஸ்டுகளையும் இதே மாதிரி ஏமாத்திப் பாரு. எது எது ஏமாறுதோ எனக்குச் சொல்லு." முகத்தில் சிரிப்பு இல்லை. பாராட்டும் இல்லை.

அப்பா தாளை இரண்டு முறை படித்தார். "ம்" என்றார். ஊறவைத்ததை விழுங்கிவிட்டார் போல.

மார்ச் 27, வெள்ளி

பொய் சொல்வதற்குச் சம்பளம் என்றால் ஜாலியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பொய்யை வைத்து, டெஸ்டை ஓட்டி, அது பச்சை காட்டுவதைப் பார்க்கவேண்டும். பச்சை. பச்சை. பச்சை. கண் எரிகிறது.

மூன்று மணி வாக்கில் ஒன்று சிவப்பானது. என் பொய்யைப் பிடித்துவிட்டது. என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

எதிர் மேசையிலிருந்து தாடி: "என்னாச்சு?"

"மாட்டிக்கிட்டேன் சார்."

"நல்லது. அடுத்தது."