ஒரு சாண் தூரத்துப் பந்து

மார்ச் 3, ஞாயிறு

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. பரீட்சைக்குத் தவிர யாரும் பேனா பிடிக்காத வீடு இது. சும்மா எழுதுவது, ஆளில்லாத அறையில் மின்விசிறியைச் சுற்ற விடுவது போல வீண் என்று படுகிறது. ஆனால் வாயால் சொல்ல எனக்கு வராது.

செவ்வாய்க்கிழமை அண்ணனுக்குத் தேர்வுப் போட்டி தொடங்குகிறது. நான்கு நாள். முதல் இருபது பேருக்குள் வந்தால் புரொபஷனல் கோல்ஃப் ஆட்டக்காரருக்கான அட்டை. வருடம் முழுக்கப் பெரிய போட்டிகளில் ஆடலாம். வராவிட்டால் கிளப் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்துக் காலம் தள்ள வேண்டியதுதான். அவன் மட்டைப் பையைத் தூக்க நான் போகிறேன். தெரியாத ஆள் பக்கத்தில் நின்றால் அவனுக்கு ஆட்டம் வராதாம்.

ஆபீஸில் லீவு கேட்டபோது மேனேஜர் சார் சிரித்தார். அவரும் ஊர் கிளப்பில் ஞாயிறுதோறும் கோல்ஃப் ஆடுபவர்.

"நாங்க ஆடுறதுக்கும் உங்கண்ணன் ஆடுறதுக்கும் பேர் மட்டும்தாம்மா ஒண்ணு. என் பந்து தண்ணியில விழுந்தா இன்னொண்ணு எடுத்து அடிப்பேன். யார் கேக்கப் போறா? குழிகிட்ட நின்னுடுச்சுன்னா, 'எடுத்துக்கோப்பா'ன்னு கூட ஆடுறவன் சொல்லிடுவான். உள்ள போன கணக்குதான். உங்கண்ணனுக்கு அப்படிச் சொல்ல யார் இருக்கா?"

அப்பா இருந்தார் என்று நினைத்தேன்.

அதே கிளப்பில் அப்பா புல்வெட்டும் இயந்திரம் ஓட்டினார். திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. அன்று வேலையாட்கள் ஆடிக்கொள்ளலாம். அப்பா, அண்ணன், நான். பந்து குழிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றால் அப்பா தட்ட விடமாட்டார். "எடுத்துக்கோடா" என்பார். எனக்கென்றால் "எடுத்துக்கோம்மா". என் பந்து மூன்று சாண் தள்ளி நின்றாலும் அவர் கண்ணுக்கு ஒரு சாண்தான்.

போன வருடம் வேலைக்கு நடுவில் மரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்ததால் வெகுநேரம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 7, வியாழன்

மூன்று நாள் முடிந்து பதினேழாவது இடம். லாட்ஜ் அறையில் சாப்பாடு பிரிக்கப்படாமலே இருக்கிறது.

மார்ச் 8, வெள்ளி

கிடைத்துவிட்டது.

இந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ள ஆசை.

பதினோராவது குழியில் தூறல் பிடித்தது. கூட ஆடிய இருவரும், அவர்களுக்குப் பை தூக்கியவர்களும் குடைக்காகத் திரும்பினார்கள். அண்ணனின் பந்து குழிக்கு ஒரு சாண் தூரத்தில். புரொபஷனல் ஆட்டத்தில் ஒரு விரல் தூரமானாலும் தட்டி உள்ளே தள்ளியே ஆகவேண்டும். அவன் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்தான். பந்தைக் கையால் எடுத்தான். பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்தான். நான் குழியின் கொடிக்கம்பைப் பிடித்தபடி நின்றேன்.

"எத்தனை அடி?" அவன் கணக்கை எழுதும் ஆட்டக்காரர் குடைக்குள்ளிருந்து கேட்டார்.

"நாலு."

எழுதிக்கொண்டார். அடுத்த குழிக்கு முதல் அடி அடித்து முடித்த பிறகுதான் அண்ணன் முகம் வெளுத்தது. அதற்குமேல் திருத்த வழியில்லை. சொன்னால் போட்டியை விட்டே வெளியே. மிச்ச ஆட்டத்தை நன்றாகவே ஆடினான். கணக்குத் தாளில் கையெழுத்துப் போட்டான்.

பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான்.

"நீதானே சொன்னே?"

"என்னது?"

"எடுத்துக்கோடான்னு."

"நான் என்னிக்கு உன்னை டா போட்டுக் கூப்பிட்டிருக்கேன்?"



மார்ச் 10, ஞாயிறு

வீடு நிறைய ஆட்கள். பக்கத்து வீட்டு அக்கா, "டிவியில வர்றப்ப தலையை வாரிக்கிட்டு வா தம்பி, எங்க தெருவோட மானம் இருக்கு" என்றார். அம்மா கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்குக்கூட போன் போட்டுச் சொல்லிவிட்டாள். சிலிண்டர் காலியா என்று அவர் கேட்டாராம்.

அட்டையை அப்பா படத்தின் சட்டத்தில் செருகி வைத்தாள். அண்ணன் உருவி எடுத்துவிட்டான். "அங்க வேணாம்மா."

மார்ச் 12, செவ்வாய்

நானும் கேட்டேன்.

மார்ச் 13, புதன்

நேற்று அவ்வளவுதான் எழுத முடிந்தது.

தூறலுக்கு நடுவே, என் இடது தோளுக்குப் பின்னால். சளி கட்டிய அதே குரல். அந்த மைதானத்தை அப்பா கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எப்படி வழி தெரிந்தது? இல்லை, ஆசைதான் காதில் விழுந்ததா? ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல ஒரே ஆசை எப்படி வரும்?

வீட்டின் முதல் பட்டதாரி நான். உட்கார்ந்து எழுதுவது இதை.

அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால், அப்பாவே எடுத்துக்கச் சொன்னாரே என்று தேறிவிடுவானோ? அப்படி அவன் தேறுவதை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

மார்ச் 18, திங்கள்

ஆபீஸ் போகுமுன் அவனோடு கிளப் மைதானத்துக்குப் போனேன். குழிக்கு ஒரு சாண் தூரத்தில் பந்தை வைத்தான். நின்றான். நின்றுகொண்டே இருந்தான். தட்ட முடியவில்லை.

"அவர் சொல்லட்டும்னு காத்துக்கிட்டு நிக்கிறேன். தெரியுதா உனக்கு?"

"யாரும் பார்க்கலையே" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"நீ பார்த்தே."

"நான் யார்கிட்டயும்..."

"சொல்ல மாட்டே. கடைக்காரன் மீதி தரலைன்னாலே வாய் திறக்க மாட்டே." சிரிக்கப் பார்த்தான். "இங்க திங்கட்கிழமை அப்பா விட்டுக்கொடுத்தது அவரோட ஆட்டத்தை. அன்னிக்கு நான் எடுத்தது யாரோடது? இருபத்தோராவதா ஒருத்தன் வந்தான் பாரு, அவனோடது. அவங்கம்மாவும் போனைக் கையில வச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க."

மார்ச் 19, செவ்வாய்

போட்டி நடத்தியவர்களுக்குப் போன் செய்துவிட்டான். ஹாலில், நின்றபடி. மறுமுனையில் இருந்தவருக்கு முதலில் புரியவில்லை. யாராவது புகார் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டிருக்க வேண்டும். "இல்ல சார். நான்தான். நானேதான்" என்றான்.

அட்டை போயிற்று.

"ஒரு சாணுக்காடா?" அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஊரைக் கூட்டிச் சொன்னேனே, இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளியில போவேன்? உங்கப்பா மட்டும் இருந்திருந்தா..."

"அம்மா!"

இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவள் மிரண்டுபோய் நிறுத்தினாள். அண்ணன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். நானும் கேட்டிருக்கிறேன் என்பது அந்தப் பார்வையில் அவனுக்குத் தெரிந்துபோனது. தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

மார்ச் 3, திங்கள்

ஏறக்குறைய ஒரு வருடமாக எழுதவில்லை. அண்ணன் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தான். அம்மா சில மாதம் அவனிடம் பேசாமல், என் வழியாகவே சோறு போட்டாள். பிறகு சரியானாள்.

மேனேஜர் சார் இன்று சொன்னார்: "நேத்து என்னையும் எடுத்துக்கச் சொன்னாங்கம்மா. உங்கண்ணன் ஞாபகம் வந்துச்சு. வேணாம், தட்டுறேன்னேன். பந்து குழியைச் சுத்திட்டு வெளியே வந்துடுச்சு! இனிமே அவன் பேச்சை என்கிட்ட எடுக்காதே."

நாளை மறுபடி தேர்வுப் போட்டி. பை நான்தான். இப்போது எந்தப் பந்தையும் தட்டாமல் விடுவதில்லை அவன். ஆனால் தட்டுவதற்குமுன் ஒரு கணம் தலையைச் சாய்க்கிறான். பந்து ஓடும் வழியைப் பார்க்கிறான் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். கேட்கிறான் என்று எனக்குத் தெரியும்.

அப்பா, போனதிலிருந்து உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்லை. இந்த நாலு நாள் அவன்கிட்ட பேசாதீங்க. அவனாலே உங்க பேச்சைத் தட்ட முடியாது. பேசியே ஆகணும்னா அடுத்த திங்கட்கிழமை என்கிட்ட வாங்க. நான் சும்மா ஆடுறவதானே. என் பந்து எவ்வளவு தூரத்துல நின்னாலும் சொல்லுங்க, எடுத்துக்கிறேன்.