பிரின்ஸுக்குப் பத்தியம்

டெலானிபூர்,
போர்ட் பிளேயர்.
தை 5, 1973

அன்பு மகள் சந்திரமதிக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நான், அண்ணன் கோவிந்தராஜ், அண்ணி செல்லம், பேரப்பிள்ளைகள், பெரிய ஆபீசரின் நாய் எல்லோரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் சுகமாயிருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். நாயை ஏன் குடும்பத்தோடு சேர்த்து எழுதினாள் அம்மா என்று சிரிப்பாய். முழுக்கப் படித்துவிட்டுச் சிரி. உன் பிரசவம் என் கண்ணெதிரில் நடக்குமா நடக்காதா என்பது அந்த நாயின் வயிற்றில்தான் இருந்தது.

அண்ணனைக் கட்சால் தீவுக்கு மாற்றப் போகிறார்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா, ரப்பர் தோட்டத்துக்குக் கிளார்க் வேண்டுமாம். போனால் இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இங்கே ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம், அங்கே கப்பல் எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாது. தலைப்பிரசவத்துக்கு வருகிற பெண்ணை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வேன் என்று நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பெரிய ஆபீசர் லீவில் கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினார். அவருடைய நாய் பிரின்ஸை யார் பார்த்துக்கொள்வது என்று ஆபீசே கூடிப் பேசி, கடைசியில் ஹெட் கிளார்க் பாலசுப்பிரமணியம் சங்கிலியை உன் அண்ணன் கையில் கொடுத்து, நல்லபடியா பாத்துக்க தம்பி, சாப் கட்சாலை மறந்தாலும் மறப்பார் என்று காதோடு சொன்னாராம். தாலியைக் கூட உன் அண்ணன் அவ்வளவு பத்திரமாகப் பிடிக்கவில்லை, அந்தச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான்.

மறுநாளிலிருந்து நம் வீட்டுக்கு வந்த கூட்டம் உன் கல்யாணத்துக்குக் கூட வரவில்லை. ஹெட் கிளார்க் வீட்டிலிருந்து நெய் லட்டு, காண்ட்ராக்டர் உதயசூரியன் ஆட்டு நெஞ்செலும்பு, இன்னொருத்தர் வறுத்த சூரை மீன். நாங்கள் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், எங்களைத் தாண்டிப் போய் நாய்க்குக் கும்பிடு போடாத குறையாக ஊட்டுகிறார்கள். போகும்போது எல்லோருக்கும் ஒரே பேச்சு, சாப் வந்தா நம்ம பேரைச் சொல்லுங்கம்மா. நாய் வாய் திறந்து சொல்லாது பார், அதனால் என்னிடம் சொல்லி வைத்தார்கள். ஒருத்தர் கொடுத்ததைக் கேள்விப்பட்டு அடுத்தவர் அதைவிடப் பெரிய பொட்டலமாகக் கொண்டுவந்தார். அது பாவம், யார் மனமும் நோகாமல் எல்லாவற்றையும் தின்றது. ஒரு வாரத்தில் வயிறு பிடுங்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. வாசலைக் கழுவிக் கழுவிச் செல்லத்துக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

மாட்டு டாக்டரோ மாயாபந்தருக்கு டூர் போயிருக்கிறார். பாலசுப்பிரமணியம் ஓடிவந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இது செத்துச்சுன்னா உனக்குக் கட்சால், எனக்கு அதுக்கும் அந்தாண்ட கேம்பல் பே தம்பி என்று புலம்பினவர், எழுந்திருக்கும்போது, ரொம்பக் களைச்சிருக்கு, கொஞ்சம் அல்வா கொடுத்துப் பாப்பமா என்று கேட்டாரே பார்க்கலாம். பி.ஏ. படித்த மனுஷன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆனால் நாலு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு பார்த்த கை இது. அல்வா இல்லை, இனிமேல் இதுக்குப் பத்தியம், யாரும் வாசல் தாண்டக் கூடாது என்று துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஒரு பகல் முழுக்க ஆறின வெந்நீர் மட்டும். அப்புறம் அரிசியைக் குழையக் குழைய வேகவைத்து, தோலும் எலும்பும் எடுத்த கோழிக்கறியை வெறும் தண்ணீரில் அவித்து நூல் நூலாகப் பிய்த்துப் போட்டு, மஞ்சள் பூசணிக்காயை மசித்துச் சேர்த்து, உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் கிடையாது, எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. அதையும் ஒரே வேளையாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக. கோழி கொடுத்த கடைக்காரர் சேக் தாவூத், என்னக்கா இது ஜெயில் சாப்பாடால்ல இருக்கு, துரை வீட்டு நாய் தாங்குமா என்று சிரித்தார். தாங்கியது. நாலைந்து நாளில் வெளிக்குக் கட்டியாகப் போக ஆரம்பித்தது. அதைக் கேட்டு ஆபீசில் டீ வாங்கிக் கொடுத்தார்களாம். நெய் லட்டுகளை நம் பிள்ளைகள் தின்றார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆபீசர் வந்து இறங்கியதும் ஹெட் கிளார்க்தான் மாலையும் கையுமாகப் போய், எல்லாம் நம்ம ஸ்டாஃபோட கவனிப்பு சாப் என்றாராம். நாய் மினுமினுவென்று வீட்டுக்குப் போயிற்று. கட்சால் மாற்றல் மட்டும் ரத்தாகவில்லை. நான் ஒரு பாத்திரத்தைக் கூட மூட்டை கட்டவில்லை, பார்க்கலாம் என்று இருந்தேன். ஆபீசர் வீட்டு அம்மா கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்த ரசகுல்லாவையும் வெண்ணெய் தடவின ரொட்டியையும் பிள்ளை இளைத்துவிட்டான் என்று ஊட்டியிருக்கிறாள். மூன்றாம் நாள் ஜீப் நம் வாசலில் வந்து நின்றது. ஆபீசர் தானே நாயைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார், சட்டையெல்லாம் அசிங்கம். மாஜி, இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கித்னே தின் லகேகா என்று கேட்டார்.

எத்தனை நாள் ஆகும் என்று என்னையா கேட்பது. புடவைத் தலைப்புக்குள் விரல் விட்டு எண்ணினேன். பங்குனியில் உனக்குப் பிரசவம், அப்புறம் உனக்குப் பத்தியம், குழந்தைக்குக் கழுத்து நிற்க வேண்டும், அதற்கு முன்னால் உன்னைக் கப்பலேற்ற மாட்டேன். ஆனி பிறக்கணும் சாப், நடுவில் விட்டால் முன்னைவிட மோசமாகத் திரும்பும் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அதற்குள் கோவிந்தராஜ் கட்சால் போக வேண்டுமே என்று அவர் இழுத்தார். நானும் மகன் கூடத்தானே போவேன் சாப், அங்கே பூசணிக்காய் கிடைக்குமோ என்னவோ என்றேன். அவர் நாயை என்னிடம் விட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாளே ஆர்டர் வந்துவிட்டது. நிர்வாக நலன் கருதி கோவிந்தராஜின் மாற்றல் ஆனி மாதம் வரை நிறுத்திவைக்கப்படுகிறதாம். அவனுடைய உழைப்பைப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள் என்று ஹெட் கிளார்க் கைகொடுத்தார், அவனும் நம்பப் பார்க்கிறான். நேற்று மெதுவாக என்னிடம் வந்து, ஏம்மா, பிரின்ஸுக்கு இப்ப உடம்பு நல்லாத்தானே இருக்கு என்று கேட்டான். உன் தங்கச்சி பிள்ளை பெத்து எழுந்திருக்கிற வரைக்கும் அதுக்கு உடம்பு சரியில்லை, போடா என்றேன். நாய் என் காலடியில் படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே மாசியில் புறப்படும் கப்பலுக்கு மாப்பிள்ளையை இப்போதே டிக்கெட் எடுக்கச் சொல். கப்பலில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, கட்டுச்சோறு கொண்டு வா. ஓமமும் நல்ல சுக்கும் வாங்கி வா, இங்கே கிடைப்பது பூச்சி அரித்தது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு, மெட்ராஸில் ஒருத்தரிடம் சொன்னால் அடுத்த கப்பலில் அது டெலானிபூருக்கு வந்துவிடும். கப்பல் ஜெட்டியில் உன்னை அழைத்துப்போக ஆபீஸ் ஜீப் வரும், பின் சீட்டில் பிரின்ஸ் இருக்கும், பயப்படாதே, பிஸ்கட் மட்டும் கொடுத்துவிடாதே. குழந்தை பிறந்தபின் இதே கூட்டம் பொட்டலத்தோடு பார்க்க வரும். துடைப்பத்தை வாசலிலேயே வைத்திருக்கிறேன்.

தாயும் பிள்ளையுமாக நீ நூறாண்டு வாழ, உனக்கும் அந்த வாயில்லா ஜீவனுக்கும் ஒரே அடுப்பில் பத்தியம் வடிக்கக் காத்திருக்கும்,

உன் அம்மா
அன்னம்மாள்