இரண்டு வாதமடக்கி

மாப்ள,

சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் இலைப்பொடி வாடை போகவில்லை. லேபைப் பூட்டிவிட்டு வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வீட்டுக்குக் கிளம்ப வேண்டும், உடம்பு அசைய மாட்டேன் என்கிறது. இந்த வாடை வந்தாலே நீ மூக்கைச் சுளித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பதுபோல இருக்கிறது.

வீட்டில் சௌராஷ்டிரம், கட்டுரையில் இங்கிலீஷ், என்னிடம் மதுரைத் தமிழ். மூன்றிலும் நீ கறாரான ஆள். எலியின் பாதத்தில் ஊசி போட்டு வீங்க வைப்போம். வாதமடக்கி இலைப்பொடியில் எடுத்த சாற்றைக் கொடுத்து, வீக்கம் எவ்வளவு வற்றுகிறது என்று அளப்போம். நம் வேலை அவ்வளவுதான். அதற்கு நீ பண்ணிய அலம்பல் கொஞ்சமா? பொடியை ஒரே சல்லடையில்தான் சலிக்க வேண்டும். எலிகள் ஒரே எடையில் இருக்க வேண்டும். காலையில் அளப்பதை மத்தியானம் அளக்கக் கூடாது. மின்விசிறியைக்கூட ஒரே வேகத்தில்தான் ஓடவிடுவாய். உன்னை மாமியார் என்று கேலி செய்வேன்.

முதல் தடவை வீக்கம் நன்றாக வற்றியதும் ஜிகர்தண்டா வாங்கித் தரச் சொன்னேன். நீ சிரிக்கவே இல்லை. "ஒருவாட்டி வந்தா அது லக்கு மாப்ள. திரும்ப வரட்டும், அப்புறம் குடிப்போம்" என்றாய். அந்தப் பொடி மூட்டை தீரும்வரை திரும்பத் திரும்ப வந்தது. கட்டுரையும் வெளியானது, ஜிகர்தண்டாவும் குடித்தோம்.

பிறகு வேறு ஊர் லேபில் செய்து பார்த்தவர்கள் அதே முடிவு வரவில்லை என்றார்கள். புது மூட்டை வாங்கி நாமே செய்தோம். நமக்கும் வரவில்லை. கணக்கைச் சரிக்கட்டிவிட்டான் என்று பேச்சுக் கிளம்பியது. யாரும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை, உன்னை டீ குடிக்கக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். எதிர்த்துப் பேசு என்று நான் சண்டை போட்டேன். "வரலைன்னா வரலைன்னுதான் சொல்லணும்" என்று நீயாகவே கட்டுரையைத் திரும்பப் பெற்றாய். கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போனாய். போன வருஷம் நெஞ்சு வலி என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

உன் காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, என் மனைவியின் முழங்கால் வலிக்கு வாதமடக்கி இலை கேட்டிருந்தோம். அவள் தம்பி அலங்காநல்லூரிலிருந்து பை நிறையக் கொண்டுவந்தான். நமக்குத் தெரிந்த வாதமடக்கிக்குப் புளியிலை மாதிரி பொடிப்பொடி இலை. பைக்குள் இருந்ததோ அகல இலை. மாற்றிப் பறித்துவிட்டாயா என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல இதத்தான் மச்சான் வாதமடக்கிம்போம். நீங்க சொல்றது வாதநாராயணன்ல" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாம் இலையை இலையாக வாங்கியதே இல்லையே. நாட்டு மருந்துக் கடையில் வாதமடக்கிப் பொடி என்று கேட்போம், கொடுப்பார்கள். ஒரு கடையில் தீர்ந்ததும் இன்னொரு கடைக்குப் போனோம். இரண்டு கடைக்காரர்களும் நம்மை ஏமாற்றவில்லை, கேட்டதைத்தான் கொடுத்தார்கள். அத்தனையையும் சோதித்த நீ, பெயர் ஒன்றாக இருந்ததால் அதை மட்டும் சோதிக்கவில்லை. இரண்டு மூட்டையிலிருந்தும் மாதிரிக்கு எடுத்து வைத்த பொடி அலமாரியில் கிடந்தது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு இலை.

அதன்பிறகு கிளையோடு ஒடித்து வந்து, இன்ன மரம் என்று உறுதி செய்துகொண்டு, இரண்டையும் தனித்தனியாகச் செய்து வருகிறேன். முதல் மூட்டையில் இருந்த இலையில் உனக்கு வந்த அதே அளவு வற்றுகிறது, மற்றதில் இல்லை. இன்றைக்கும் அப்படித்தான். துறையில் சொன்னேன். "பழைய கதை இப்ப எதுக்கு சார்?" என்றார்கள். அன்றைக்குப் பேசியவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். யாரிடம் போய் மல்லுக்கட்டுவது? அலுத்துவிட்டது.

கோச்சடைக்குப் போய் உன் மனைவியிடம் சொன்னேன். அவர் அழவில்லை. "அவரு பொய் சொல்லலைன்னு எனக்கு எப்பவும் தெரியும்ண்ணே" என்றார். பிறகு, "அவருக்குத்தான் சந்தேகம் வந்துருச்சு. ஆசையில தப்பா அளந்துட்டேனோன்னு கடைசி வரைக்கும் எங்கிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றார்.

ஊர் உன்னைச் சந்தேகப்பட்டதை எப்படியாவது மாற்றிவிடுவேன், கட்டுரையைத் திரும்ப எழுதி அனுப்பியிருக்கிறேன். நீயே உன்னைச் சந்தேகப்பட்டதை நான் என்ன செய்வேன்? சரியாகத்தான் அளந்தாய் மாப்ள. இதைக் கேட்க வேண்டியவன் நீ ஒருத்தன்தான்.