நீ நீட்டாத கால்

அக்கா,

பக்கத்து வீட்டு மும்தாஜ் நோன்புக் கஞ்சி கொடுத்து அனுப்பியிருந்தாள். வெந்தயமும் புதினாவும் பூண்டும் கலந்த அந்த வாசனை இன்னும் அடுப்படியை விட்டுப் போகவில்லை. அவளுடைய தூக்குச்சட்டியைக் கழுவி மேடைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நாளைக்கு அவள் மகள் வந்து எடுத்துக்கொண்டு போவாள். வெறும் சட்டியாகத்தான் போகும். மும்தாஜ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள். ஆனால் அந்தச் சட்டியைப் பார்க்கப் பார்க்க உன் ஞாபகம் வந்தது. உன் ஞாபகத்தோடு கோபமும் வந்தது. செத்துப்போய் இத்தனை வருஷமான ஒருத்திமேல் கோபப்படுவது நியாயமா என்றால், உன்மேல் படலாம்.

இராஜபாளையத்தில் நம் வீட்டில் அடுத்த வீட்டுப் பாத்திரம் ஒரு ராத்திரி தங்கியது உண்டா? எதிர்வீட்டு அம்மா சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டுத் திரும்பி அவர்கள் படியேறுவதற்குள், நீ நாலு முறுக்கைப் போட்டுப் பாத்திரத்தை நீட்டிக்கொண்டு பின்னாலேயே நிற்பாய். "பாத்திரம் எங்க போயிரும், மெல்லத்தான் குடேன்" என்பார்கள் அவர்கள். நீ சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு வருவாய். ஒருவர் உனக்கு ஒன்று செய்துவிட்டார் என்கிற நினைப்போடு உன்னால் ஒரு மணி நேரம் இருக்க முடியாது. அதை நான் அப்போது மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அப்பா போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு இருபது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். சேத்தூரிலிருந்து பெரியப்பா நம் இருவரையும் கூட்டிப்போக வந்தார். நீ வாசற்படியில் நின்றுகொண்டு, "நாங்க இங்கயே இருந்துக்கிடுதோம் பெரியப்பா. நான் பாத்துக்கிடுதேன்" என்றாய். பார்த்தும் கொண்டாய். பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கும் வேலைக்குப் போய் என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தாய், சீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தாய், நீ கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டாய். அன்றைக்கு நீ சொன்னதில் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் அந்தச் சொல்லை நீ அதோடு விட்டிருக்க வேண்டும். காய்ச்சலா, நான் பாத்துக்கிடுதேன். கூரை ஒழுகுகிறதா, நான் பாத்துக்கிடுதேன். என் பிரசவத்துக்கு வந்து நாற்பது நாள் என்னைக் கட்டிலைவிட்டு இறங்க விடாதவள், உனக்கு டைபாய்டு வந்ததை எழுந்து நடமாடிய பிறகுதான் சொன்னாய். இரண்டு ஊருக்கும் நடுவில் கடலா இருந்தது? டவுன் பஸ்ஸில் ஏறினால் வந்துவிடுகிற தூரம்.

எனக்கு உன்னிடம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒருநாளாவது உனக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும். அதற்கு நீ இடமே கொடுக்கவில்லை. ஒரு தடவை உனக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேன். மறுமாதம் என் பிள்ளைகள் இரண்டுக்கும் துணி எடுத்து வந்து, எனக்கும் ஒரு புடவை வைத்தாய். உன்னோடு எப்படி மல்லுக்கட்டுவது?

நம் வேதக்கோயிலிலும் இதே கூத்துதான். சபையே வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற அசனத்தில் நீ ஒரு வருஷமாவது இலைமுன் உட்கார்ந்திருப்பாயா? சாம்பார் வாளியும் கையுமாக ஓடிக்கொண்டே இருப்பாய். எல்லாரும் போன பிறகு அண்டாவின் அடியில் ஒட்டியதை நின்றுகொண்டே தின்பாய். பாவம் என்றால் உனக்குப் பொய், புறணி, சினிமா, ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது. இவற்றில் ஒன்றும் உன்னிடம் கிடையாது. அதனால் சபை முழுக்கத் தலைகுனிந்து பாவ அறிக்கை சொல்லும்போது, நீ மட்டும் யார் வீட்டுப் பிள்ளை பின்னால் பேசுகிறது என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

அப்போதுதான் ஒரு இளவயதுக் குருவானவர் நம் சபைக்கு வந்து சேர்ந்தார். தொண்ணூறுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு ஞாயிறு நானும் உன்னோடு கோயிலில் இருந்தேன். பாவம் நாம் செய்கிற காரியத்தில் தொடங்குவதில்லை என்றார் அவர். எனக்கு நானே போதும், ஆண்டவரும் வேண்டாம், அடுத்தவனும் வேண்டாம் என்று ஒருவன் உள்ளுக்குள் முடிவு செய்கிற இடத்தில் தொடங்குகிறது என்றார். குடிக்கிறவனிடம் அது சீக்கிரம் தெரிந்துவிடும், நல்ல காரியம் செய்கிறவனிடம் ஒளிந்துகொண்டால் கண்டுபிடிக்கிறது கஷ்டம் என்றும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஓரக்கண்ணால் உன்னைப் பார்த்தேன். நீ புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாய்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஆரம்பித்தாய். "ஏட்டி, கேட்டியா? ஒருத்தர்கிட்டயும் போய் நிக்காம பொழைக்கிறது பாவமாம். இவரு வீட்டம்மா காய்ச்சல்ல கெடந்தப்போ ரசம் வச்சுக் கொண்டுபோனது யாரு? ஆண்டவரு பாத்துக்கிடுவாருன்னு நான் சும்மா உக்காந்திருந்தா அந்த ரசம் கொதிச்சிருக்குமா?"

"ரசத்த யாரு குத்தம் சொன்னா? ஒனக்கு யாராவது ரசம் கொண்டாந்தா வாங்கிக் குடின்னுதான் சொல்லுதாரு."

"எனக்கு எதுக்குட்டி ரசம்? நான் நல்லாத்தான இருக்கேன்."

நன்றாக இருந்தாயாம். அப்போதே உன் கால் விரலில் புண் இருந்திருக்கிறது.

அந்த வருஷப் பெரிய வியாழன் ஆராதனைக்கும் வந்திருந்தேன். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, குருவானவர் சபையில் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவிவிடுவார். அதுவரை ஆண்கள் மட்டும்தான் உட்காருவார்கள். அந்த வருஷம் அவர் பெண்களையும் சேர்த்து, முதலில் உன்னைத்தான் கூப்பிட்டார். நீ எழுந்து நின்றாய். "ஐயா தப்பா நெனக்கக் கூடாது. ஊழியக்காரரு முன்னாடி நான் போய் காலை நீட்டவா? வேற யாரையாவது உக்கார வைங்க. நான் தண்ணி எடுத்துத் தாரேன்."

அவர் சிரித்தார். "பேதுருவும் இப்படித்தான்க்கா மாட்டேன்னாரு. பொறவு நீட்டிட்டாரு."

நீயும் சிரித்தாய். ஆனால் உட்காரவில்லை. ஜாடியில் தண்ணீரும் தோளில் துண்டுமாக அவர் பின்னாலேயே நடந்து, பன்னிரண்டு பேருக்கும் நீதான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாய். எனக்குப் பின்னால் இருந்த ஒரு அம்மா, "எம்புட்டுத் தாழ்மை பாரு, இப்படி ஒரு பொம்பள உண்டா" என்று உருகினாள். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் முட்டாள்தனத்தை என்ன சொல்ல.

உயிர்த்தெழுந்த ஞாயிறு அன்று திருவிருந்து வாங்க உனக்குப் பின்னால் நான் போனேன். செருப்பில்லாத உன் கால் பட்ட இடமெல்லாம் வெள்ளைத் தரையில் ஈரமாக ஒரு சிவப்புத் தடம். உனக்குத் தெரியாது. நீ முழங்காலில் நின்று கையேந்தி அப்பத்தை வாங்கிக்கொண்டிருந்தாய். நான் குனிந்து என் முந்தானையால் அதைத் துடைத்தேன். யாருக்கும் தெரியாமல் மறைக்கிற நம் வீட்டு வழக்கம் என்னையும் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தி உன்னை நாற்காலியில் உட்கார வைத்தேன். காலைக் காட்டு என்றால் காட்ட மாட்டேன் என்கிறாய். நான் இழுக்க, நீ புடவைக்குள் இழுத்துக்கொள்ள, இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி மல்லுக்கு நின்றோம். கடைசியில் பிரித்துப் பார்த்தேன். கட்டு என்னவோ அவ்வளவு அழகாக, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. உள்ளே விரல் கறுத்துப்போய்க் கிடந்தது.

"எத்தன நாளா?"

"செருப்பு கடிச்சது. ஆறிரும். நாட்டுக்கே பேண்டேஜ் மடிச்சு அனுப்புதேன், என் விரலுக்கு ஒரு கட்டுப் போடத் தெரியாதா?"

"ஆஸ்பத்திரியில காட்டினியா?"

"பாத்துக்கிடலாம்னு இருந்தேன்."

"வியாழக்கிழம உக்காராதது இதுக்குத்தானா?"

நீ புடவையைக் கால்மேல் இழுத்துவிட்டாய்.

"சரி, ஜெபமாவது பண்ணினியா?"

"ஊருல அம்புட்டுப் பேருக்கும் பண்ணுதேன்."

"இந்தக் காலுக்குப் பண்ணினியான்னு கேக்கேன்."

"அவருக்கு ஆயிரம் சோலி. இதப் போய் அவருகிட்டச் சொல்லிக்கிட்டு."

அக்கா, எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என்னிடம் மறைத்தாய், சரி. குருவானவரிடம் மறைத்தாய், சரி. ஆண்டவரிடமுமா? உள்ளத்தில் இருப்பதெல்லாம் அவருக்குத் தெரியும் என்று வாரா வாரம் கோயிலில் சொல்லுகிறவள் நீ. அந்த இளவயதுக்காரர் சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் முழுசாக விளங்கியது. ஆண்டவருக்கும் நீ முறுக்கு வைத்துத்தான் பாத்திரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாய். அவரிடமும் சும்மா வாங்கிக்கொள்ள உனக்கு மனசில்லை.

சீவில்லிபுத்தூர் டாக்டர் பார்த்துவிட்டுச் சர்க்கரை என்றார். தொடக்கத்திலேயே காட்டியிருந்தால் மாத்திரையோடு போயிருக்கும் என்றார். மதுரைக்கு அனுப்பினார். அங்கே இரண்டு விரல்களை எடுத்தார்கள். எடுத்த மூன்றாம் நாள் நான் டீ வாங்கப் போய்வருவதற்குள், நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பக்கத்துக் கட்டில்காரிக்குப் போர்வை மடித்துக்கொண்டிருந்தாய். நர்ஸ் உன்னைத் திட்டவில்லை, என்னைத் திட்டினாள்.

பிறகு என் வீட்டுக்குத்தான் கூட்டி வந்தேன். வந்த அன்றே, "ஒனக்குப் பாரமா வந்துட்டேன்" என்று ஆரம்பித்தாய். நான் சொல்லிவிட்டேன். "யக்கா, நீ பண்ணினது சுத்தச் சுயநலம்."

"யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுன்னு நெனச்சது சுயநலமாட்டி?"

"ஆமா. செய்யுத சந்தோசம் பூரா ஒனக்கே வேணும். எனக்கு அதுல ஒரு வாய் குடுத்தியா? பன்னெண்டு வயசுலேருந்து உங்கிட்ட வாங்கி வாங்கியே நான் நிக்கேன். எனக்கு வெக்கமா இருக்காதா?"

நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அன்றைக்குச் சாப்பிடவில்லை. நானும் போய்ச் சமாதானம் பண்ணவில்லை. என் வீட்டுக்காரர்தான் இரண்டு பேருக்கும் நடுவில் தட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

மறுநாள் முதல் கட்டு மாற்றுவது என் வேலை. அதையும் நிம்மதியாகச் செய்ய விட்டாயா? "இழுத்துக் கட்டு. அம்புட்டு இறுக்காத. துணிய ஓரமா மடி. ஏட்டி, கொண்டா, நான் பாத்துக்கிடுதேன்." புண் ஒருநாள் ஆறுகிற மாதிரி இருக்கும், மறுநாள் சீழ் வைக்கும். ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். அந்த வாரமே போய்விட்டாய். ஒரு செருப்புக் கடியை ஒருத்தரிடம் சொல்லியிருந்தால் போதும் அக்கா. இதை எழுதும்போதுகூட என் பல் நறநறக்கிறது.

காய்ச்சல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மத்தியானம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். உன் காலைத் தூக்கி என் மடியில் வைத்து, வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தேன். எப்படியும் ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. வலிக்கிறதா என்று கேட்டேன்.

"எனக்கு ஏலலட்டி" என்றாய்.

அவ்வளவுதான். உன் நாற்பத்துச் சொச்சம் வயதில், முடியவில்லை என்கிற அந்தச் சொல்லை உன் வாயிலிருந்து முதல் தடவையாகக் கேட்டேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். கட்டைச் சுற்றினேன். எனக்கே தெரிந்தது, கோணலாகச் சுற்றியிருந்தேன். திட்டு வாங்கலாம் என்று நிமிர்ந்து பார்த்தால், நீ தூங்கிப்போயிருந்தாய். வாய் லேசாகத் திறந்திருந்தது. உன் கால் முழுக் கனத்தோடு என் மடியில் கிடந்தது. எங்கே அசைந்தால் விழித்துக்கொண்டு ஒரு வேலையைத் தேடுவாயோ என்று பயந்து, கால் மரத்துப்போகிற வரை நான் அசையவே இல்லை.

உன்னோடு எனக்குள்ள சண்டை இன்னும் தீரவில்லை. பரலோகத்தில் பார்த்தால் முதலில் அதைத்தான் பேசுவேன். எனக்கு எத்தனையோ செய்தாய் நீ, பாதி மறந்துபோயிற்று. என் மடியில் இன்னும் கனப்பது, எனக்கு ஒன்றுமே செய்யாமல் நீ தூங்கிக் கிடந்த அந்தக் கொஞ்ச நேரம்தான்.